நாற்றுமேடையும் தரவரிசையும்

(தமிழாசிரியர் ஒருவர்)

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவதாயின், அது கந்தபுராண படனத்தைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ இருக்கும் என்பது வாசகர் எதிர்பார்ப்பு. அவ்விரு பொருள்களிலும் என்னிலும் வல்லார் இம்மலரிலே எழுதியிருப்பர் என்னும் துணிவினால், யான் ஐக்கிய அமெரிக்காவிலே பேஸ்போல் எனப்படும் அடிபந்தாட்டத்தைப் பற்றி எழுத முற்பட்டேன். அவ்வாட்டத்தின் பேர்பெற்ற வீரரைப் பற்றியன்று. இன்னும் பேர்பெறாத இளைஞரைப் பற்றி. அவ்விளைஞரை அந்நாட்டார் எவ்வாறு நிறுத்துப் பார்க்கின்றனர், இவன் ஐந்தாண்டில் இன்னவனாவான் என்று எதனைக்கொண்டு முன்னுரைக்கின்றனர் என்பதே பொருள். பிள்ளைகளை நாள்தோறும் நிறுத்துப் பார்க்கும் தொழிலிலே இருக்கும் எமக்கு அஃது அத்துணை அயலான பொருளன்று.

இவ்வறிவு எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் இப்பொழுது மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தொழில் பார்க்கிறார். புணர்ச்சி விதி மறந்தாலும் டொன் பிராட்மனின் சராசரி 99.94 என்பதைத் தசமத்தோடு சொல்லத்தக்கவர் அவர். அமெரிக்கா சென்றபின் அவருடைய எண்பசிக்கு அடிபந்தாட்டம் இரையாயிற்று. ஆண்டுதோறும் மாரிக்காலத்திலே, ஆட்டம் ஓய்ந்திருக்கும் மாதங்களில், பொஸ்ரன் றெட் சொக்ஸ் அணியின் வருங்கால வீரர் முப்பதின்மரின் தரவரிசை வெளிவந்ததும் அதனை எனக்கு அனுப்பிவைப்பார். "சேர், உங்கட புள்ளிப் புத்தகத்தைவிட இது கடுமை" என்று முதன்முறை அனுப்பியபோது ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வரியே என்னை வாசிக்கத் தூண்டிற்று. ஆட்டத்தின் விதிகளை அதன் பின்னரே கற்றேன். இலங்கையிலும் இவ்வாட்டம் உண்டு. ஹோமாகமைக்கு அண்மையிலுள்ள தியகமவிலே யப்பானியர் உதவியுடன் அமைந்த மைதானமும் உண்டு. நம் வடபகுதிப் பிள்ளைகளுக்கோ துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமுமே உலகம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் என்னும் முதன்மைத் தொடரிலே 30 அணிகள் ஆடுகின்றன. பதினெட்டு வயது இளைஞன் எத்துணை வல்லவனாயினும் நேரே அவ்வணிகளுள் ஒன்றிலே சேர்ந்து ஆடுதல் இக்காலத்தில் இல்லையென்றே சொல்லலாம். அவன் முதலில் மைனர் லீக் எனப்படும் சிறு தொடர்களிலே பழகவேண்டும். 2021ஆம் ஆண்டுச் சீரமைப்பின் பின் ஒவ்வொரு முதன்மை அணிக்கும் நான்கு படிகளில் நான்கு இளைய அணிகள், ஆக 120 அணிகள் உள. பொஸ்ரன் அணியின் இளைஞன் முதலிற் சேலத்திலே ஆடுவான். சேலம் என்றதும் தமிழ்நாட்டுச் சேலத்தை எண்ணவேண்டா. இது வேர்ஜினியா மாநிலத்துச் சேலம். அங்கே தேறியவன் தென் கரோலினாவிலுள்ள கிறீன்வில்லுக்கும், பின்னர் மேய்ன் மாநிலத்துப் போட்லண்டுக்கும், ஈற்றிலே வூஸ்ரர் நகருக்கும் ஏறுவான். வூஸ்ரரிலிருந்து பொஸ்ரன் ஒரு மணித்தியாலப் பயணத் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்க முடியாமலே ஆட்டத்தை விட்டவர் எண்ணிலர்.

இம்முறையை அமெரிக்கர் 'பண்ணை' என்பர். நாற்றுமேடை என்பதே நமக்குப் பொருந்தும் சொல். இதனை ஓர் ஒழுங்காக வகுத்தவர் பிராஞ்ச் றிக்கி என்பவர். 1920களிலே அவர் நடத்திய சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணி செல்வமற்றது. பிறர் வளர்த்த வீரரை விலைகொடுத்து வாங்க வகையின்றி, சிற்றூர் அணிகளைத் தம் ஆளுகைக்குட்படுத்தி வீரரைத் தாமே முளைக்கவைத்தார். 1926இலே அவ்வணி உலகத் தொடரை வென்றது. பின்னாளிலே புறூக்ளின் அணிக்குச் சென்ற அதே றிக்கிதான், கறுப்பினத்தவரை முதன்மைத் தொடரிலே சேர்ப்பதில்லை என்னும் அநீதியைத் தகர்க்க ஜக்கி றொபின்சனைத் தெரிந்தெடுத்தார். அப்பொழுதும் றொபின்சன் 1946இலே மொன்றியல் நகரத்து இளைய அணியில் ஓராண்டு ஆடிய பின்னரே 1947இல் மேலேறினார். நாற்றுமேடையைத் தாண்டிச் செல்ல அவருக்கும் விலக்கில்லை.

நாற்றுக்களைத் தேடி ஊரூராய்த் திரிபவரை 'ஸ்கவுட்' என்பர். அச்சொல்லுக்கு நாம் வழங்கும் சாரணர் என்பது காக்கிக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த நம் பிள்ளைகளையே நினைவூட்டும். ஆயினும் அப்பழஞ்சொல்லுக்கு ஒற்றர் என்னும் பொருளும் உண்டாகலின் அதனையே ஆள்கிறேன். சாரணர் ஓர் இளைஞனிடத்தே ஐந்து திறன்களைப் பார்ப்பர்: பந்தை மட்டையிற் பிழையாது சேர்த்தல், தொலைவுக்கு அடிக்கும் வலு, ஓட்டம், களத்தடுப்பு, எறிவு. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை ஓர் எண் இடுவர். ஏன் நூற்றுக்கு இடலாகாது என்று யானும் முதலில் வியந்தேன். நம் கணித ஆசிரியர் ஒருவரிடம் ஆசிரியர் அறையிலே காட்டியபோது அவர் சிரித்தார். "இது எங்கட இசட் புள்ளிதானே!" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 50 என்பது முதன்மைத் தொடரில் ஆடுவோரின் இடை. ஒரு நியம விலகல் மேலே சென்றால் 60. இரண்டு சென்றால் 70. மூன்று சென்றால் 80. கீழேயும் அவ்வாறே. ஆகவே 80 என்பது 'எண்பது புள்ளி' அன்று. தலைமுறைக்கு ஒருசிலரே தொடக்கூடிய உச்சி. நம் நாட்டிலே உயர்தரப் பரீட்சை எழுதியவரைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியும் இசட் புள்ளியும் இவ்வாறே, ஒருவன் எத்தனை புள்ளி பெற்றான் என்று கேளாது, தன்னுடன் எழுதியோரின் இடையிலிருந்து எத்துணைத் தொலைவில் நிற்கிறான் என்று கேட்கிறது. இரசாயனவியல் வினாத்தாள் கடினமாய், புவியியல் வினாத்தாள் எளிதாய் வந்த ஆண்டிலும் ஒப்புநோக்க வழியுண்டாதற்கே இவ்வேற்பாடு. அமெரிக்கச் சாரணருக்கும் அதே இடர்ப்பாடு. ஓட்டத்தையும் எறிவையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டுமன்றோ?

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவே. சாரணரின் ஏட்டிலே ஒவ்வொரு திறனுக்கும் எண் ஒன்றன்று, இரண்டு. 'வலு: 30, 60' என்று இருக்கும். முதலெண் இன்றைய நிலை. இரண்டாவது, உடல் முற்றி, பயிற்சி கைகூடினால் எய்தக்கூடிய நிலை. பதினேழு வயதிலே தோள் அகன்று உடல் மெலிந்து நிற்கும் பையன் இன்று எல்லைவேலிக்கு அடிக்க மாட்டான். அவன் தோளெலும்பின் அகலத்தையும், பார்க்க வந்த தந்தையின் உயரத்தையும் நோக்கி, இவனுக்கு இன்னும் இருபது இறாத்தல் தசை பிடிக்கும் என்று சாரணர் கணிப்பர். இன்றே முற்றிவிட்ட பையனுக்கு இரண்டெண்ணும் ஒன்றாகவே விழும். தரவரிசையிலோ இன்று 30 பெறுபவன் இன்று 50 பெறுபவனுக்கு மேலே நிற்பதுண்டு. சில பட்டியல்கள் இன்னும் ஒருபடி சென்று, அவ்வுயர்வு கைகூடாமற் போதற்குரிய இடரையும் 'மிகுதி', 'குறைவு' என்று அருகிலே குறிக்கின்றன. நம் தேர்ச்சி அறிக்கையிலே 'தமிழ்: 47' என்று எழுதி, பக்கத்திலே 'முயற்சி தேவை' என்று முத்திரை குத்துவதுபோல் ஒரு சொல்லை இடுகிறோமே, அதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மாணாக்கரைத் தரம் பிரித்தல் தமிழருக்குப் புதிதன்று. நன்னூலார் பாயிரத்திலேயே அதனைச் செய்து முடித்தார். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போன்றோர் கடை. ஒவ்வோராண்டும் இதனைக் கற்பிக்கும்போது வகுப்பின் பின்வாங்கிலே ஒருவரையொருவர் எருமையென்று சுட்டிச் சிரிப்பது தவறாது. நன்னூலார் வகுத்தது கொள்ளும் முறையை, புள்ளியை அன்று. அவ்வளவில் அவர் சாரணருக்கு அண்ணர். ஆயினும் அன்னமாய் வந்தவன் அன்னமாகவே இருப்பான் என்பது போன்றதோர் அசையாமை அவ்வகுப்பில் இருக்கிறது; காலம் என்னும் நிரல் அங்கே இல்லை. மண் ஒன்றுதான் விதிவிலக்கு. உழவன் உழைப்பின் அளவுக்கு அது பயன் தரும். உரையாசிரியர் இடைத்தரத்தில் வைத்த அம்மண்ணையே அமெரிக்கர் தம் பண்ணை முழுவதற்கும் அடிப்படையாக எடுத்துக்கொண்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி எண்களை வாசிக்கும் வகை. இளைய அணியிலே ஒருவன் அடித்த அடிகளின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோன் ஏமாறுவான். முதலிலே கேட்கவேண்டிய கேள்வி, அவன் வயதென்ன என்பது. போட்லண்டிலே இருபது வயதினன் ஒருவனும் இருபத்தைந்து வயதினன் ஒருவனும் ஒரே கணக்குப் பெற்றிருந்தால், முன்னவனே பட்டியலில் உயர்வான். தன்னிலும் மூத்த எறிவாளரின் பந்தை அவன் அடித்தான். வேற்றுநாட்டு இளைஞரைப் பதினாறு வயதிலேயே ஒப்பந்தம் செய்கிறார்கள். டொமினிக்கன் குடியரசின் றபாயெல் டெவேர்ஸ் 2013இல் பொஸ்ரன் அணியிற் சேர்ந்தபோது வயது 16. நம் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பருவம். இருபதாவது வயதிலே, 2017இல், முதன்மைத் தொடரில் ஆடினார். நம் வகுப்பறையிலும் ஒரே வாங்கிலிருக்கும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது சிறிதன்று. புள்ளிப் புத்தகத்திலே பிறந்த திகதிக்கு இடமில்லை. இடாப்பிலேதான் அது இருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் திறப்பார் சிலரே.

இரண்டாவது கேள்வி, எந்த மைதானம் என்பது. கடல்மட்டத்துக்கு உயரே, காற்று மெலிந்த மேற்கு மாநில ஊர்களிலே பந்து தொலைதூரம் பறக்கும்; அங்கே எல்லோரும் வீரரே. காற்றெதிர்த்த, எல்லை அகன்ற மைதானங்களிலே நல்ல அடியும் களத்தடுப்பாளன் கையில் விழும். ஜெவ் பாக்வெல் என்பவரின் கதையை இதற்கு எடுத்துக்காட்டாகப் பொஸ்ரன் மக்கள் இன்றும் பெருமூச்சுடன் சொல்வர். அவர் அந்நகரிலே பிறந்தவர். அயல் மாநிலமாகிய கொனற்றிக்கட்டில் அவ்வணியை நேசித்து வளர்ந்தவர். 1989இல் நான்காஞ் சுற்றிலே பொஸ்ரன் அணி அவரைத் தெரிந்தது. 1990இல் நியூ பிரிற்றன் என்னும் ஊரின் இளைய அணியில் ஆடி, ஆயிரத்துக்கு 333 என்னும் சிறந்த சராசரி பெற்றார். ஆனால் ஹோம் றன் எனப்படும், நம் துடுப்பாட்டத்து ஆறு ஓட்டத்துக்கு ஒப்பான, எல்லை தாண்டிய அடி நான்கே. மூன்றாந் தளத்தைக் காப்பவனுக்கு வலு வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். அன்றியும் பொஸ்ரன் அணியின் மூன்றாந் தளத்திலே வேட் பொக்ஸ் என்னும் பெருவீரர் அசையாது நின்றார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிலே, வெற்றிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த பொஸ்ரன் அணிக்கு அனுபவமுள்ள எறிவாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஹியூஸ்ரன் அணியின் லறி அன்டர்சன் கிடைத்தார், வயது 37. அவருக்கு ஈடாகப் பாக்வெல்லைக் கொடுத்தனர். அன்டர்சன் பொஸ்ரனுக்காக ஆடியவை 15 ஆட்டங்கள். அவை நன்றாகவே ஆடப்பட்டன. பின்னர் அவர் வேறணிக்குச் சென்றார். பாக்வெல் 1991இலே அந்த ஆண்டின் சிறந்த புதுவீரர். 1994இலே தம் லீக்கின் மிகச் சிறந்த வீரர். ஓய்வு பெறும்போது எல்லை தாண்டிய அடிகள் 449. 2017இலே புகழ்மண்டபத்தில் இடம். நியூ பிரிற்றன் மைதானம் அடிப்பவருக்கு வன்னெஞ்சம் காட்டும் மைதானம் என்பதும், அங்கே எல்லை தாண்டிய நான்கு அடிகள் வேறிடத்துப் பலவற்றுக்குச் சமம் என்பதும், அவர் அடித்த இரட்டை அடிகளே பின்வரும் வலுவின் முளை என்பதும் கணக்கறிந்தோர்க்குத் தெரியாதவையல்ல. முதலெண்ணை மட்டும் பார்த்தோர்க்கு நான்கு என்பது நான்குதான்.

கண்ணை மட்டும் நம்பியோரும் இடறினர். 'நல்ல முகம்' என்பது பழஞ் சாரணர் வழக்கு. வீரனுக்குரிய தோற்றமுடையவன் என்று பொருள். பிலி பீன் என்பவர் 1980இலே உயரமும் அழகும் ஐந்து திறனும் ஒருங்கமைந்த இளைஞராய், முதற் சுற்றிலேயே நியூயோர்க் மெற்ஸ் அணியால் தெரிவு செய்யப்பட்டார். முதன்மைத் தொடரிலே ஆடியவை 148 ஆட்டங்களே. சராசரி ஆயிரத்துக்கு 219. 1990இலே மட்டையை வைத்துவிட்டு, தம்மைச் சாரணராக ஏற்குமாறு ஓக்லண்ட் அணியிடம் கேட்டார். பின்னர் அவ்வணியின் முகாமையாளராகி, தோற்றத்தை விடுத்து எண்களைக் கொண்டு வீரரைத் தெரியும் முறைக்குப் பேர்பெற்றார். தம்மைப் போன்றோரைத் தெரியலாகாது என்பதே அவர் கற்ற பாடம் போலும்.

பீனுக்கு நேரெதிரானவர் டஸ்ரின் பெட்றோயா. உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம் என்பது அணியின் பதிவு. அதனை நம்பாதோரும் உளர். 2004இலே பொஸ்ரன் அணி அவரை 65ஆம் ஆளாகத் தெரிந்தபோது அவருடைய எறிவும் ஓட்டமும் வலுவும் சாரணர் ஏட்டிலே சராசரியையும் எட்டுவன அல்ல. இளைய அணிகளிலே அவர் அடிக்க முயன்று தவறிய பந்துகள் மிகச்சில என்பதை மட்டும் கணக்குக் காட்டிற்று. 2006இலே மேலேறியபோது சராசரி 191. 2007 ஏப்ரிலில் 182. ஊர்ப் பத்திரிகைகளெல்லாம் முணுமுணுத்தன. அணியினர் அவரை அகற்றவில்லை. ஆண்டிறுதியிலே 317; சிறந்த புதுவீரர் விருது. மறுவருடம் தம் லீக்கின் மிகச் சிறந்த வீரர். இத்தகையோரிடத்தே சாரணர் காணும் ஊக்கத்தையும் மனத்திண்மையையும் 'மேக்கப்' என்பர். முகப்பூச்சன்று, உள்ளத்தின் அமைப்பு. ஐந்து திறனுக்கும் எண்ணிட்டவர் இதற்கு மட்டும் சொல்லால் எழுதி விடுகின்றனர். அவ்வடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமிருந்தும் முன்னுரை பொய்ப்பதே மிகுதி. 1991இலே நாட்டின் முதல் தெரிவாக நியூயோர்க் யாங்கீஸ் அணி 15½ இலட்சம் டொலர் கொடுத்து எடுத்த எறிவாளர் பிறையன் ரெய்லர், 1993 டிசம்பரிலே ஒரு கைகலப்பில் தோள் சிதைந்து, முதன்மைத் தொடரிலே ஒரு பந்தும் எறியாமற் போனார். 1988இலே 1390ஆம் ஆளாக, பயிற்சியாளர் ஒருவரின் குடும்ப நட்புக்காகவே தெரிவு செய்யப்பட்ட மைக் பியாற்சா 427 முறை எல்லை தாண்ட அடித்துப் புகழ்மண்டபம் புகுந்தார். இப்பொழுது தெரிவு இருபது சுற்றுக்களோடு முடிகிறது. 1390ஆம் ஆளென்று ஒருவர் இனி இல்லை.

தரவரிசை வெறும் வாசிப்புக்கன்று. அது விலைப்பட்டியலும் ஆகும். 2024 டிசம்பரிலே கறற் குறொஷே என்னும் எறிவாளரைப் பெறுதற்குப் பொஸ்ரன் அணி தன் இளைஞர் நால்வரைச் சிக்காகோ வைற் சொக்ஸ் அணிக்குக் கொடுத்தது. அந்நால்வருள் ஒருவரான பிறேடன் மொன்ற்கொமறி, கணுக்கால் முறிந்து, தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் அதுவரை ஆடாதவர். அவருக்கு விலை தந்தது இரண்டாம் நிரல் எண் ஒன்றுதான். வணிகநோக்கிலே இது முறையாகலாம். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை ஒருவன் காலையிலே கண்விழித்துத் தான் வேறு நகருக்கு விற்கப்பட்டதைத் தொலைபேசியிலே அறிவதை என்னால் இயல்பாக எண்ண முடியவில்லை. ஊதியமும் நெடுங்காலம் இழிந்திருந்தது. கீழ்ப்படியிலே ஆண்டுக்கு 11,000 டொலராயிருந்தது, இளைய அணியினர் தொழிற்சங்கத்தில் இணைந்து 2023இலே முதல் உடன்படிக்கை செய்த பின்னரே 26,200 ஆயிற்று. பட்டியலின் உச்சியிலிருந்தவன் கோடி பெற்றான். பட்டியலில் இல்லாதவன் மாரிக்காலத்திலே கடைகளிற் பொதி சுமந்தான்.

இந்த முறையிலே யான் கண்ட நற்பண்பு ஒன்று, பட்டியல் கல்வெட்டன்று என்பது. ஆண்டுதோறும், சிலர் ஆண்டுக்கு இருமுறையும், அதனை அழித்து எழுதுகிறார்கள். 2025இலே பொஸ்ரன் அணியில் முதன்முதலாக ஆடிய மூவரைப் பார்த்தால் இது விளங்கும். மார்செலோ மேயர் 2021இலே நாட்டின் நான்காவது தெரிவு. றோமன் அன்ரனி 2022இலே 79ஆம் தெரிவு. மூன்றாண்டில் நாட்டின் வருங்கால வீரர் அனைவருக்கும் முதல்வராக எண்ணப்பட்டார். கிறிஸ்ரியன் கம்பெல் 2023இலே 132ஆம் தெரிவு; 2024இலே ஒரே பருவத்திற் கிறீன்வில்லிலிருந்து வூஸ்ரர் வரை ஏறி, அவ்வாண்டு இளைய அணி வீரர் எல்லோருள்ளும் சிறந்தவரென்னும் பாராட்டைப் பெற்றார். மூவருள் முதலில் மேலேறியவரும் அவரே. 2025 ஏப்ரிலிலே அம்மாதத்தின் சிறந்த புதுவீரர். எட்டாண்டுக்கு 6 கோடி டொலர் ஒப்பந்தம். யூனிலே அடி தளர்ந்து, மீண்டும் வூஸ்ரருக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியவர் அவரைக் கைவிட்டாரல்லர்; கீழ்வகுப்புக்கு இறக்கிவிட்டோம் என்னும் இழிவுரை அங்கே இல்லை. நாற்றை மறுபடி மேடையில் வைப்பது உழவனுக்கு வழக்கமான செயல்.

நம் பள்ளிக்கூடங்களிலே ஆறாம் வகுப்பிலே 'பி' பிரிவுக்குச் சென்ற பிள்ளை பதினோராம் வகுப்பு வரை 'பி' பிரிவிலேயே இருப்பதை இருபது ஆண்டாகப் பார்க்கிறேன். அவனுடைய திறமை அங்கேயே நின்றுவிட்டதென்று எவரும் ஆராய்ந்து கண்டதில்லை. பட்டியலை அழித்தெழுதுவாரில்லை, அவ்வளவே. பரிசளிப்பு விழாவிலே மேடையேறும் பெயர்களும் பெரும்பாலும் முதலாண்டு ஏறிய பெயர்களே. சில ஆண்டுகளாக என் புள்ளிப் புத்தகத்திலே சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இரண்டாவது நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன். அதிலே எழுதுவதைப் பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ காட்டுவதில்லை. தவணைதோறும் பென்சிலால் எழுதி, மறுதவணை அழித்து எழுதுவது என் வழக்கம். சென்ற தவணை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முதல் நிரலிலே 38. எழுத்துப்பிழை மலிந்த கட்டுரை. மழைவெள்ளத்திலே தன் வீட்டுக் கோழிக்கூடு மிதந்து போனதை எழுதியிருந்தான். கூட்டுக்குள் இருந்த கோழி கூவிக்கொண்டே போனதென்று ஒரு வாக்கியம். அவ்வாக்கியத்துக்காக இரண்டாம் நிரலிலே 70 இட்டேன். இடர் என்னும் இடத்திலே 'மிகுதி' என்றும் எழுதினேன். அவன் தந்தை கடலுக்குப் போகிறவர். அடுத்த ஆண்டு இவன் பள்ளிக்கு வருவானோ என்பதே ஐயம்.

ஈற்றிலே ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1981 ஏப்ரில் 18ஆம் நாள் இரவு, றோட் ஐலண்ட் மாநிலத்துப் பொற்றக்கெற் நகரிலே, அந்நாளிற் பொஸ்ரனின் மேற்படி இளைய அணியாயிருந்த பொற்றக்கெற் அணியும் றொச்செஸ்ரர் அணியும் மோதின. ஒன்பது சுற்றுக்களோடு முடியவேண்டிய ஆட்டம், இரண்டு பக்கமும் சமனாய் நின்றமையால், விடியற்காலை நான்கு மணி கடந்தும் நடந்தது. குளிருக்கு ஆற்றாது ஆட்டக்காரர் முறிந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தனர். 32 சுற்று முடிந்தபோது எஞ்சியிருந்த பார்வையாளர் பத்தொன்பதின்மர். ஆட்டத்தை நிறுத்தி, யூன் 23ஆம் நாள் தொடர்ந்தனர். பதினெட்டு நிமிடத்திலே, 33ஆம் சுற்றிலே பொற்றக்கெற் அணி 3–2 என வென்றது. தொழில்முறை அடிபந்தாட்ட வரலாற்றிலே இதனின் நெடிய ஆட்டம் இல்லை.

அன்று றொச்செஸ்ரர் அணியின் மூன்றாந் தளத்திலே நின்றவர் கல் றிப்கன். பின்னாளிலே ஓராட்டமும் தவறாது 2632 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடிப் புகழ்மண்டபம் புகுந்தவர். பொற்றக்கெற்றின் மூன்றாந் தளத்திலே நின்றவர் மேலே சொன்ன வேட் பொக்ஸ். 1976இலே ஏழாஞ் சுற்றிலே தெரிவாகி, ஓட்டமில்லை, வலுவில்லை, களத்தடுப்பு மட்டம் என்னும் ஏட்டுக்குறிப்புக்களோடு ஆறு பருவம் நாற்றுமேடையிலே காத்திருந்தவர். பின்னர் 3010 அடிகள் அடித்தார். மட்டம் எனப்பட்ட களத்தடுப்புக்குத் தம் முப்பத்தாறாம் வயதிலே தங்கக் கையுறை விருது பெற்றார். 33ஆம் சுற்றிலே வெற்றி அடியை அடித்தவரோ இவ்விருவரும் அல்லர். டேவ் கோசா என்னும் முதற்றளக் காப்பாளர். அவர் முதன்மைத் தொடரிலே ஒருநாளும் ஆடியதில்லை.

2020உடன் அவ்வணி பொற்றக்கெற்றை விட்டு வூஸ்ரருக்குப் பெயர்ந்தது. அவ்வாட்டம் நடந்த மக்கோய் மைதானம் 2025இலே இடிக்கப்பட்டதென்று என் மாணவர் எழுதியிருந்தார். அந்நிலத்திலே ஓர் உயர்நிலைப் பள்ளி கட்டுவதற்கு நகரத்தார் 2022இலேயே வாக்களித்திருந்தனராம்.